இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

போன ஆடி மாதம் என் மனைவி மாரீஸ்வரிக்குக் கருப்பைவாயில் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்னது மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். டாக்டரம்மா சொல்லி முடித்ததும் நான் செய்த முதல் காரியம், அவருடைய மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்ததுதான். "அத வச்சிருங்க மாமா, அது அவுக குடிக்கிற தண்ணி" என்றாள் மாரீஸ்வரி. நோய் அவளுக்கு. நாக்கு வறண்டது எனக்கு. இதிலிருந்தே நான் எப்பேர்ப்பட்ட வீரன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

காளியம்மனின் பிள்ளைகளாகிய உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களில் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிடுகிற வேன் டிரைவர் கருப்பசாமி நான். வேனில் பாட்டுப் பெட்டி கிடையாது. அந்த வேலையையும் நானே பார்த்துக்கொள்வேன். கம்பெனி கேட்டுக்குள் நுழைவதற்குள் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது சிரித்துவிட வேண்டும். சிரிக்கவில்லை என்றால் மேட்டில் பிரேக்கைப் போடுவேன். திட்டுவதற்காவது வாயைத் திறப்பார்கள்.

மாரீஸ்வரியும் அதே வேனில்தான் வேலைக்கு வருவாள். ஃபேன்சி வெடிகளுக்குள் வைக்கும் வெடிமருந்து உருண்டைகளை மேடையில் காயப்போட்டு அள்ளுகிற வேலை அவளுக்கு. மாதவிடாய் நின்று சில வருஷம் ஆன பிறகு அவளுக்கு மறுபடியும் இரத்தம் படத் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழைய சேலையை நாலாக மடித்து வேன் சீட்டில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வந்தாள். நான் கண்ணாடியில் அதைப் பார்த்தேன். பார்த்தவன் என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். "மகாராணிக்கு மெத்தை இல்லாம உக்கார முடியாதாம்ல!" என்று வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த ஜோக்கை நான் பல நாள் ஓட்டினேன்.

மேடைப் பக்கத்தில் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விருதுநகரில் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரை டாக்டரம்மா நல்ல மாதிரி. அவசரப்பட மாட்டார். "கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துல போயிருக்கு. அறுத்து எடுக்கிற கட்டம் இல்லை. கதிர் சிகிச்சை, கூடவே வாராவாரம் மருந்து. குணமாக்கப் பார்க்கலாம். ஆனா கதிரை எதுவரைக்கும் கொடுக்கணும்னு முதல்ல தெரியணும்" என்றார். நோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுகிற பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் வந்தது. டாக்டரம்மா ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து, அதை ஒட்டி ஒரு பெரிய இரத்தக் குழாயை வரைந்து, பக்கத்தில் சின்னச் சின்ன மணிகளாகப் புள்ளி வைத்தார்.

"கால்ல புண் வந்தா தொடையிடுக்குல நெறி கட்டும் இல்லையா? அந்த மாதிரி முடிச்சுகள் வயித்துக்குள்ளேயும் இருக்கு. இடுப்புக்குள்ள இருக்கிற முடிச்சுல நோய் இருக்குன்னு ஸ்கேன் காட்டுது. அதுக்கு எப்படியும் கதிர் கொடுப்போம். மேலே, இந்தக் குழாய் ஓரத்துல ஒண்ணும் தெரியலை. ஆனா ரொம்பப் பொடியா இருந்தா ஸ்கேன் கண்ணுக்குத் தப்பிடும். சந்தேகமே வேண்டாம்னா, வயித்துல சின்னத் துளைகள் போட்டு, மேலே இருக்கிற முடிச்சுகளை எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கலாம்."

நான் குறுக்கே விழுந்தேன். "பாக்கிறதுக்கு ஒரு ஆபரேஷனா டாக்டரம்மா? ஆபரேஷன்னா எடுத்துப் போடுறதுக்குத்தான?"

"இது நோயை எடுத்துப் போடுற ஆபரேஷன் இல்லைங்க. நோய் எங்க வரைக்கும் ஏறியிருக்குன்னு பார்க்கிறதுக்கு. ஏறியிருந்தா கதிரை மேலே நீட்டணும். ஏறலைன்னா வீணா நீட்டக்கூடாது, குடலுக்குக் கஷ்டம்."

"ரெண்டுல எது நல்லது?"

"ஸ்கேனோட நிறுத்தினா உடனே சிகிச்சை தொடங்கலாம். ஆபரேஷன்னா விஷயம் தெளிவாகும், ஆனா மயக்க மருந்து, புண் ஆறணும், தொடங்கறது கொஞ்சம் தள்ளும். எல்லாருக்கும் இதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இவங்களுக்கு ரெண்டுமே செய்யலாம். வீட்டுல பேசிட்டு வாங்க."

வெளியே டீக்கடையில் நின்று பேசினோம். மாரீஸ்வரி தெளிவாக இருந்தாள்.

"உள்ள பாத்துரட்டும் மாமா. மேடையில காயிற உருண்டை மேல பாத்தா கலகலன்னு காஞ்சிருக்கும். நாலஞ்ச உடச்சுப் பாத்தாத்தான் நடுவுல ஈரம் இருக்கிறது தெரியும். உடச்சுப் பாக்காம எங்க ஃபோர்மேன் அள்ள விடுவாரா?"

"நீ என்ன உருண்டையா?"

"'உருண்டை, கண்ணாடியில ஒன்னப் பாத்துக்கோ'ன்னு நீகதான தெனமும் சொல்றீக."

நான் சிரித்து மழுப்பினேன். கத்தி பட்டால் நோய் காற்றுப் பட்டுப் பரவிவிடும் என்று ஊரில் சொல்கிற பேச்சை எடுத்துவிட்டேன். அது பொய் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். இருந்தாலும் எடுத்துவிட்டேன். உண்மையில் நான் கத்திக்குப் பயப்படவில்லை. கத்தி எதைக் கண்டுபிடிக்குமோ அதற்குப் பயந்தேன். மேலே ஒன்றும் தெரியவில்லை என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. அந்த நல்ல வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு ஓடிவிட வேண்டும். அவ்வளவுதான் என் புத்தி.

ஊர் வந்து சேருகிற வரை பேசி முடிவுக்கு வரவில்லை. கடைசியில் அவளே, "செவ்வாக்கெழம ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். அவ சொல்றபடி செய்வோம்" என்றாள். நான் பெருந்தன்மையாகச் சரி என்றேன்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொரு துண்டிலும் மடித்து, நாரால் கட்டி, இரண்டையும் ஆத்தாளின் காலடியில் உருட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த பூதான் உத்தரவு. சிவப்பு அரளி வந்தால் ஆபரேஷன், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் ஸ்கேனோடு நிறுத்திக்கொள்வது என்று பேசிக்கொண்டோம்.

பொட்டலம் கட்டுகிற வேலை என் கைக்கு வந்தது. கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்தேன். முதல் இலையில் வெள்ளையை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையில் அரளியை வைத்தேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கத்தியும் மயக்க மருந்தும் நினைவுக்கு வரவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் வந்து, "மேலேயும் இருக்கு" என்று சொல்வதுதான் காதில் கேட்டது. அரளியை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகினேன். அந்த இலையிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

ஆமாம். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. ஆத்தா சந்நிதியில் ஆத்தாள் பேரிலேயே கள்ள ஓட்டுப் போட்டவன் உங்கள் கருப்பசாமி.

மாரீஸ்வரி குளித்து ஈரத்தலையோடு வந்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அவள் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க நேரமானது. பூசாரி, "ஆத்தா உத்தரவு கொடுத்துட்டா தாயி. கத்தி வேண்டாம்னுட்டா" என்று திருநீறு பூசினார். பூசிவிட்டு, "அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுருவோம்" என்று கையை நீட்டினார்.

நான் பாய்ந்து எடுத்துவிட்டேன். "உத்தரவு வந்த பெறகு அத எதுக்குப் பிரிச்சுக்கிட்டு சாமி? ஆத்தாள சந்தேகப்படுற மாதிரி ஆயிரும்."

பூசாரி என்னை மெச்சிய பார்வை பார்த்தார். "இப்படில்ல பக்தி இருக்கணும்" என்றார். அந்தப் பொட்டலத்தை வேன் ஜன்னல் வழியாக எறிந்தேன். ஓர் ஆடு வந்து இலையோடு தின்றது. அன்றைக்கு உண்மை தெரிந்த ஜீவன்கள் மூன்று. ஆத்தா, நான், அந்த ஆடு.

அதோடு விட்டதா? அன்று சாயங்காலம் விளக்குப் பூசையில் பூசாரி என்னை எழுப்பி, ஆத்தா செய்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அவள் கண்ணை மூடியதை, ஈரத்தலையை, வெள்ளைப் பூ இலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததை எல்லாம் சொன்னேன். பெண்கள் குலவை போட்டார்கள். என் வாழ்நாளில் எந்த ஜோக்குக்கும் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. எங்கள் வேனிலேயே மூத்தவரான செல்லத்தாயி அக்கா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேனில் அவர் என் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து சொன்னார்: "எனக்கும் வயித்துல கட்டி இருக்குன்னு விருதுநகர்ல சொல்லிருக்காகலே. எடுத்துப் பாத்தாத்தான் நல்லதா கெட்டதான்னு தெரியுமாம். நா போகல. மாரீஸ்வரிக்குச் சொன்ன ஆத்தா எனக்கு மட்டும் வேற சொல்வாளா?"

நான் கியரை மாற்றினேன். ஏற்கெனவே சரியான கியரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் மாற்றினேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாரீஸ்வரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை பார்த்தேன். காப்பீட்டு அட்டை விஷயமாக சூலக்கரை கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றபோது சொல்லப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். "வட வாங்கிட்டு வரட்டா?" என்று வந்தது. பஸ்ஸில் சொல்லப் பார்த்தேன். கண்டக்டரைப் பற்றி ஒரு ஜோக் வந்தது. ஊரையே பேசிச் சிரிக்க வைக்கிற வாய்க்கு ஒரு வரி உண்மை வரவில்லை. வேனிலும் பேச்சு நின்றுபோனது. "டிரைவரண்ணனுக்குப் பல்லு கில்லு புடுங்கிருக்கா?" என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலில் நான் வேண்டிக்கொண்டது, "ஆத்தா, மேல ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றுதான். ஒன்றும் இல்லை என்றால் என் பொய்யும் உண்மை ஆகிவிடும் பாருங்கள். அவளுக்காக வேண்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்காக வேண்டியிருக்கிறேன். அது புரிய எனக்குப் பல நாள் ஆனது. புரிந்த அன்று காலை வண்டியை எடுக்கும் முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிற ஆத்தா படத்தைப் பார்த்து வேறு மாதிரி கேட்டேன். "தாயே, நான் சொன்ன பொய்ய நீ சொன்னதா எடுத்துக்கிடாத. அவள என் பொய்யிலருந்து காப்பாத்து. எப்படின்னு எனக்குத் தெரியல. என் வாயத் தெற." நான் அதுவரை செய்த பிரார்த்தனைகளில் ஜோக் இல்லாத பிரார்த்தனை அது ஒன்றுதான்.

ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிற சமயம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மதுரை போனோம். கதிர் எங்கே விழ வேண்டும் என்று அளந்து உடம்பில் அடையாளம் போடுகிற நாள் அது. மாரீஸ்வரியை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வெகுநேரம் கழித்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் விலக்கி வயிற்றில் போட்டிருந்த நீலக் கோட்டைக் காட்டினாள். தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக ஒரு கோடு.

"இதுதான் எல்லையாம் மாமா. இதுக்கு மேல கதிர் வராதாம்" என்றாள். அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆத்தா போட்ட எல்லை."

என்னால் முடியவில்லை.

"அது ஆத்தா போட்டது இல்ல."

"பின்ன?"

"நான் போட்டது. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

அவள் சிரித்தாள்! எனக்கு அதைவிடத் தண்டனை வேண்டுமா? நான் உண்மையைச் சொல்கிறேன், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "இது வெளாடுற எடமா மாமா? அங்கன நர்ஸ் பாக்குது."

"வெளாடல."

"சும்மா இருங்க."

"சத்தியமா. ஆத்தா மேல சத்தியமா."

அவள் முகம் மாறியது. "அவ சந்நிதியிலயே அப்படிச் செஞ்சவரு அவ மேல சத்தியம் பண்ணா எவ நம்புவா?" என்றாள். ஆனால் நம்பிவிட்டாள். முகத்தில் தெரிந்தது.  பிறகு கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீக' என்று தவிர வேறு மாதிரி அழைக்காதவள், அன்று கேட்டாள்.

"எதுக்குச் செஞ்ச?"

"மேல ஏதாச்சும் இருந்துருச்சுன்னா... எனக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்."

"ஒனக்குத் தெரிய வேண்டாம். எனக்கு? ஒடம்பு என்னுது. நோய் என்னுது. பூ மட்டும் ஒன்னுதா?"

 அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். "நீ இங்கனயே இரு" என்றாள். டாக்டரம்மா அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் இத்தனை வருஷ வாழ்க்கையில் அவள் என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெஞ்சில் இருந்த நேரம் நான் ஆத்தாளைக் கூப்பிடக்கூட இல்லை. கூப்பிட முகம் இல்லை.

திரும்பி வந்தவள், "திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிருக்காக. துளை போட்டுப் பாக்கப் போறாக. நாந்தான் பாக்கச் சொன்னேன்" என்றாள். டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டார். நான் பூ விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கு நான் ரெண்டு பேரையும் வீட்டுல பேசச் சொன்னேன். நீங்க பேசலை. பேச வேண்டியதைப் பூ தலையில கட்டிட்டீங்க. சரி, முடிவு இப்ப அவங்க எடுத்திருக்காங்க. எல்லாக் கேள்வியும் கேட்டுட்டுத்தான் எடுத்திருக்காங்க. நீங்க கூட இருங்க, போதும்" என்றார்.

ஊர் திரும்பியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை மாரீஸ்வரி வேலைக்கு லீவு. ஆனால் வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஏழாயிரம்பண்ணையைத் தாண்டியதும், "வண்டிய ஓரங்கட்டுங்க" என்றாள். மறுபடியும் 'ங்க' வந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஓரங்கட்டினேன். "இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு விளக்குப் பூசையில சொன்னீகல்ல, அதச் சரியாச் சொல்லுங்க."

திரும்பி உட்கார்ந்து அத்தனை பெண்களுக்கும் சொன்னேன். முதலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. செல்லத்தாயி அக்கா எழுந்து நின்றார். வேன் கூரை இடித்தது. இடித்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"ஏலே கருப்பசாமி! ஒம் பொண்டாட்டி உசுரு பத்தாதுன்னு ஏ உசுரையும் சேத்துப் பொட்டலம் கட்டினியாலே? நா அந்தக் கட்டிய வயித்துல வச்சுக்கிட்டு ஆத்தா பாத்துக்கிடுவா ஆத்தா பாத்துக்கிடுவான்னு திரியுறேன். ஆத்தா எனக்கு ஒண்ணுமே சொல்லலயா? ஒம் மூஞ்சியத்தான் நா கும்பிட்டேனா?"

இறங்கி நடந்துவிட்டார். வெயிலில் கருவேலங்காட்டு ரோட்டில் நடந்துபோகிறவர் பின்னாலேயே வேனை உருட்டிக்கொண்டு, "அக்கா ஏறுங்க, அக்கா ஏறுங்க" என்று கெஞ்சினேன். மாரீஸ்வரி இறங்கிப் போய்க் கையைப் பிடித்த பிறகுதான் ஏறினார். அந்த வாரமே விருதுநகருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். அவருடையது நல்ல கட்டி. ஆபத்து இல்லாதது. ஆனால் அது எனக்கு ஆறுதல் ஆகாது. கெட்டதாக இருந்திருந்தாலும் நான் அப்போது கியரைத்தான் மாற்றியிருப்பேன்.

திங்கட்கிழமை சேர்ந்தாள். வயிற்றில் சின்னத் துளைகள். நாலைந்து நாளில் எழுந்து நடந்தாள். முடிச்சுகளைச் சோதித்த முடிவு வந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஸ்கேன்ல தெரியாத ஒண்ணு இருக்கு. மேலே ஒரே ஒரு முடிச்சுல. கடுகுல பாதிகூட இருக்காது. அது ஸ்கேனோட தப்பு இல்லை, அம்புட்டுப் பொடிசு அதுக்குத் தெரியாது. கதிரை மேலே நீட்டறோம்."

எந்த வார்த்தையைக் கேட்கக் கூடாது என்று நான் ஆத்தாளை ஏமாற்றினேனோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. நான் அழுதேன். மாரீஸ்வரி அழவில்லை. "இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுல்ல டாக்டரம்மா. இனி அதுக்கு உள்ள வேலையப் பாருங்க" என்றாள்.

அன்பானவர்களே, என் பிரார்த்தனைக்குப் பதில் இதுதான். நான் முதலில் கேட்டது 'ஒன்றும் இல்லை' என்ற சொல். ஆத்தா கொடுத்தது 'ஒன்று இருக்கிறது' என்ற சொல். அந்த நீலக் கோடு அங்கேயே நின்றிருந்தால் அந்தப் பொடிசு கோட்டுக்கு மேலே பத்திரமாக இருந்திருக்கும். வளர்ந்திருக்கும். நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் விளக்குப் பூசையில் எழுந்து நின்று வெள்ளைப் பூ கதையைச் சொல்லிக் குலவை வாங்கிக்கொண்டிருப்பேன். 

ஆர்வக்கோளாறில் அன்றே டாக்டரம்மாவிடம், "அப்ப எல்லாருக்கும் இந்த ஆபரேஷனையே பண்ணிரலாமே!" என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "போய் ஊர்ல அப்படிச் சொல்லிடாதீங்க. நிறையப் பேருக்கு உள்ளே பார்த்தாலும் ஒண்ணும் இருக்காது, சிகிச்சை தள்ளிப்போனதுதான் மிச்சமாகும். ஆபரேஷன் செஞ்சு பார்த்தவங்க ஸ்கேனோட போனவங்களை விட அதிக நாள் இருக்காங்கன்னு இன்னும் யாரும் உறுதியா காட்டலை. சில பேருக்கு ஸ்கேனே போதும். ஒவ்வொருத்தர் நிலைமையைப் பார்த்து, அவங்ககிட்டயும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்." ஒரு பொய்ச் சாட்சி சொல்லிப் பட்டவன் இன்னொன்று சொல்லக் கூடாது என்பதால், அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதிவிட்டேன்.

புரட்டாசியில் கதிர் தொடங்கியது. மேலே நீட்டியதால் குமட்டல் அதிகம். கஞ்சி இறங்காது, இறங்கினால் தங்காது. வயிற்றுப்போக்கு வேறு. வாரம் ஒரு தடவை மருந்து ஏற்றுவார்கள். அன்றைக்கு அவள் சுவரோடு சுவராகச் சாய்ந்து கிடப்பாள். கடைசியில் உள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கிற கதிரும் முடிந்தது. தீபாவளிக்கு ஊரெல்லாம் அவள் காயப்போட்ட உருண்டைகள் ஆகாயத்தில் பூப்பூவாக விரிந்தன. அவள் படுத்த இடத்திலிருந்து, "எது எங்க கம்பெனி லோடுன்னு சத்தத்தை வச்சே சொல்லிருவேன்" என்றாள். நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். என் ரசத்தைக் குடித்துத்தான் வாந்தி வருகிறது, கதிரால் இல்லை என்று டாக்டரம்மாவிடமே சொன்னாள்.

அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்பீர்கள். நானும் ஒரு நாள் கேட்டேன். "மன்னிக்கல. ஆனா கூட இருக்கேன்ல" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கவும் இல்லை.

பூசாரி அய்யாவிடமும் போய்ச் சொன்னேன்.  நான் என்ன பரிகாரம் செய்ய வேண்டும் என்று கேட்டேன். அக்கினிச் சட்டி எடுக்கச் சொல்வார், அங்கப்பிரதட்சிணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நீ எல்லார் முன்னாடியும் பொய்யச் சொன்ன. எல்லார் முன்னாடியும் உண்மையச் சொல்லு. வாயால சொன்னா வேடிக்கையாக்கிருவ. எழுதிக் கொடு, கோயில்ல அச்சடிக்கிற பங்குனிப் பொங்கல் மலர்ல போடுவோம்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் அங்கங்கே வேடிக்கை புகுந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். அழுகிற இடத்தில் எல்லாம் எனக்கு ஜோக்தான் வருகிறது. பிறவிக் குணம்.

தை மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பிலும் மேலேயும் இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. நான் உஷாராகிவிட்டேன். "தெரியலன்னா இல்லன்னு அர்த்தமா டாக்டரம்மா?" என்றேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னுதான் அர்த்தம். ரொம்ப நல்ல செய்தி இது. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்."

மாரீஸ்வரி என் தொடையில் தட்டினாள். "அது போதும் டாக்டரம்மா. ஆத்தாளுந்தான் கண்ணுக்குத் தெரியல. அவள நம்பிக்கிட்டு நாங்க பொழைக்கலயா? இதையும் அப்படிப் பாத்துக்கிடுவோம்."

இப்போது அவள் பாதி நாள் வேலைக்கு வருகிறாள். வேனில் எனக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே வருகிறாள். யாருக்கு என்ன உபாதை என்று கேட்கிறாள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் சும்மா இருக்காதே என்கிறாள். பரிசோதனைக்குப் போகிறவர்களை அவளே கூட்டிப்போகிறாள். நான் வண்டி ஓட்டுகிறேன். அநேகமாக அவள் சொல்கிற ஜோக்கெல்லாம் என்னைப் பற்றித்தான். வண்டி முழுக்கச் சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம். வரக் கூடாது, வந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். டாக்டர் சொல்வது புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். நோய் யாருக்கோ அவர்களைப் பேச விடுங்கள். அப்புறம் ஆத்தாளிடம் வாருங்கள். வந்தால் தைரியசாலி மாதிரி நடிக்காதீர்கள். நான் அன்றைக்கு அந்தக் குழாயடியில் உட்கார்ந்து, "எனக்குப் பயமா இருக்கு தாயே" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். வேறு எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. அவள் காளி. பயந்தவர்களைப் பார்த்துப் பழகியவள்.